வில்சன் நோய் உள்ள பெரியவர்களுக்குப் புத்தி மந்தமானால்: எதை முதலில் பார்ப்பது?

முகப்பு எழுதியது:

வில்சன் நோய் உறுதியாகி மருந்தும் ஓடிக்கொண்டிருக்கும். கை நடுக்கம்கூடக் குறைந்திருக்கும். ஆனால் "ஆள் பழையபடி இல்லை, சொன்னது மண்டையில் ஏறவில்லை, சிடுசிடுப்பு" என்று வீட்டார் கேட்பது இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போய்ப் பத்து நிமிடம் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இதைப் பேச நேரம் கிடைப்பதில்லை. அதற்குத்தான் இந்த இழை. தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

அடிப்படையை நான் சொல்லிவிடுகிறேன். ஏடிபி7பி என்ற மரபணு கெட்டுப்போவதால் வரும் நோய் இது. கல்லீரல் தேவைக்கு மேலான செம்பைப் பித்தநீரில் தள்ளி வெளியேற்ற வேண்டும். அது நடக்காமல் செம்பு முதலில் கல்லீரலில் தேங்குகிறது, பிறகு ரத்தத்தில் கலந்து மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. மூளையில் அதிகம் அடிபடுவது அடிப்பகுதியில் இருக்கும் நரம்புத் திரள்கள். நெற்றிப்பகுதி மூளையோடு ஓயாமல் தகவல் பரிமாறுகிற இடம் அது. அதனால்தான் இந்த நோயில் குறைவது பெரும்பாலும் வேகம், கவனம், திட்டமிடல், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுதல். பெயரும் முகமும் மறப்பது குறைவு. நினைவு உள்ளே இருக்கும், எடுக்கத்தான் நேரமாகும். முதல் எழுத்தை எடுத்துக்கொடுத்தால் சட்டென்று வந்துவிடும். வயதான காலத்து மறதி நோயில் அப்படி எடுத்துக்கொடுத்தாலும் பெரும்பாலும் வராது.

வீட்டில் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு: நடுவீட்டுக் கோலம். கை நடுங்கிக் கோடு கோணினால் அது தசை சார்ந்தது. கோடு நேராக இருந்தும் பாதியில் நின்று அடுத்து எந்தப் பக்கம் இழுப்பதென்று தெரியாமல் போனால் அது திட்டமிடல் சார்ந்தது. டாக்டரிடம் "கோலம் போட முடியவில்லை" என்று மட்டும் சொல்லாமல் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) சாமான் பட்டியல் எழுதுவதும் அப்படித்தான். பொருள்கள் எல்லாம் தெரியும், எதை முந்தி வாங்குவது எதைப் பிந்தி வாங்குவது என்ற வரிசை வராது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மந்தத்தில் சரிசெய்யக்கூடிய பங்கு நிறைய உண்டு. கல்லீரல் மயக்கம், மாத்திரைகளின் பக்கவிளைவு, மனச்சோர்வு, விட்டுப்போன மருந்து ஆகிய நான்கையும் தேடிப் பார்க்காமல் "நோய் மூளைக்குப் போய்விட்டது, இனி இப்படித்தான்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆத்தங்குடிக்கல் எழுதியது:

முகப்பு அண்ணே சொன்னதோடு சோதனை பற்றிச் சேர்க்கிறேன். பல இடங்களில் எம்எம்எஸ்இ என்ற 30 மதிப்பெண் சோதனை மட்டும் வைக்கிறார்கள். அதில் தேதி, இடம், மூன்று சொல் நினைவு எல்லாம் இருக்கும். திட்டமிடலும் வேகமும் கிட்டத்தட்ட இல்லை. வில்சன் நோயாளி அதில் 28, 29 வாங்கிவிட்டு, கடையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் கணக்குப் போட முடியாமல் திணறுவார். திட்டமிடலையும் பார்க்கிற மோகா சோதனை கேளுங்கள், தமிழிலும் இருக்கிறது. அதோடு நெற்றிப்பகுதிக்கென்றே உள்ள எஃப்ஏபி சோதனையும் வைத்தால் நல்லது, கூடுதலாகப் பத்து நிமிடம்தான் ஆகும்.

மதிப்பெண்ணை மற்றவரோடு ஒப்பிடாமல் அதே ஆளின் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். மோகாவில் 26க்குக் கீழே குறைவு என்பது வெளிநாட்டுக் கணக்கு. எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு அது பொருந்தாது. மருந்து தொடங்கும் முன் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று, பிறகு வருடம் ஒன்று. ஒவ்வொரு முறையும் ஒரே நேரம், காலையில் என்றால் காலையிலேயே. தூக்கம் கெட்ட மறுநாள் வேண்டாம்.

இன்னொன்று: கை இறுக்கமும் குழறலும் உள்ளவர்களுக்குக் கடிகாரம் வரைதல், எண்களைக் கோட்டால் இணைத்தல் போன்றவற்றில் நேரம் போவது கையால். அதை அறிவுக் குறைவாகக் கணக்கில் எடுத்துவிடுகிறார்கள். வாய்வழிச் சோதனையாக மாற்றச் சொல்லுங்கள், பேச்சுக் குழறினால் நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள். பேச்சு குழறுகிற, எச்சில் ஒழுகுகிற, முகத்தில் உறைந்த சிரிப்போடு இருக்கிற ஆளைப் பார்த்ததுமே "இவருக்குப் புரியாது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறார்கள். பெரும்பாலும் அவருக்கு முழுக்கப் புரியும். இது எனக்கு ஆத்திரம் தருகிற விஷயம்.

மருந்துச்சீட்டு எழுதியது:

கல்லீரல் மயக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஈரல் சுருங்கிய நிலையில் இருப்பவருக்கு அம்மோனியா போன்ற கழிவுகள் மூளைக்குப் போய் மந்தம் தரும். செம்பால் வரும் மந்தம் நாளுக்கு நாள் மாறாது, இது மாறும். திங்கள் நன்றாக இருப்பார், புதன் தூங்கி வழிவார். பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் கை படக் படக்கென்று கீழே விழும். தூண்டுவது பெரும்பாலும் மலச்சிக்கல், காய்ச்சல், வயிற்றுப்போக்கால் நீர்வற்றல், ரத்தவாந்தி, தூக்க மாத்திரை.

வீட்டில் ஒரு சோதனை: ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகம், பறவை பெயர் சொல்கிறார் என்று எண்ணுங்கள். 15க்கு மேல் சொன்னால் பயமில்லை. 10க்குக் கீழே, அதிலும் முன்பு 18 சொன்னவர் இப்போது 8 என்றால், அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். பேச்சுக் குழறல் பலமாக இருந்தால் இந்த எண் செல்லாது. சிகிச்சை லாக்டுலோஸ் சிரப். அளவு மில்லியில் இல்லை, மலத்தில். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகும்படி டாக்டர் சொன்ன வரம்புக்குள் கூட்டிக் குறைக்க வேண்டும். ஐந்தாறு முறை தண்ணீராகப் போனால் நீர் வற்றி மயக்கம் இன்னும் கூடும். ரொம்பப் பேர் தவறுவது இங்கேதான்.

அடுத்து மாத்திரைகள். கை இறுக்கத்துக்கும் எச்சிலுக்கும் டிரைஹெக்சிபெனிடில் கொடுப்பார்கள். கை இளகும், ஆனால் நினைவும் கவனமும் மங்கும், சிலருக்குக் குழப்பமே வரும். அளவு கூட்டிய அதே மாதத்தில் மறதி கூடியிருந்தால் அந்தத் தேதியை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். குளோனசெபாம், டயசெபாமும் அப்படியே. ஈரல் கெட்டிருந்தால் இரட்டிப்பு ஆபத்து. கோபம், சந்தேகம் என்று மனநல மருந்து எழுதும்போது ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் வகைகள் இவர்களுக்கு இறுக்கத்தை மிக மோசமாக்கும். வேண்டியிருந்தால் குவெட்டியபின் போன்றது பரவாயில்லை. வலிப்புக்கு வால்புரோயேட் இருந்தால் அது ஈரலையும் தாக்கும், அம்மோனியாவையும் ஏற்றும்; மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். எதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

வளவு எழுதியது:

செம்பை வெளியேற்றக் கொடுக்கும் பெனிசிலமைன் தொடங்கிய சில வாரத்தில் பேச்சும் நடையும் புத்தியும் முன்னைவிட மோசமாகிறதே, அது மருந்தாலா நோயாலா? வீட்டில் நிறுத்திவிடச் சொல்கிறார்கள். செம்பு பற்றிய ரத்த, சிறுநீர்ச் சோதனைகளையும் யாராவது புரியும்படி சொல்லுங்கள்.

மருந்துச்சீட்டு எழுதியது:

ஆச்சி, நரம்புத் தாக்குதலோடு வருகிறவர்களில் ஒரு பகுதிக்கு இது நடக்கும், மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். திசுவில் தங்கியிருக்கும் செம்பை மருந்து ஒரேயடியாக அள்ளி ரத்தத்தில் விடும்போது மூளைக்குப் போகும் செம்பு தற்காலிகமாகக் கூடுகிறது என்பது ஏற்கப்பட்ட விளக்கம். அதனால்தான் குறைவாகத் தொடங்குவது: 125 அல்லது 250 மி.கி., பிறகு நான்கு முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை 250 கூட்டி, 1000 முதல் 1500 வரை பிரித்துக் கொடுப்பது. மோசமானால் அந்த வாரமே டாக்டரைக் கூப்பிடுங்கள். அளவைக் குறைக்கலாம், டிரையன்டீன் (செம்பை வெளியேற்றும் இன்னொரு மருந்து) அல்லது துத்தநாகத்துக்கு (குடல் செம்பை உறிஞ்சாமல் தடுப்பது) மாற்றலாம். செய்யக்கூடாத ஒன்று, வீட்டிலேயே நிறுத்திவிட்டு நாட்டு மருந்து தேடுவது. எல்லா மருந்தையும் நிறுத்தினவர்கள் சில மாதத்தில் கல்லீரல் செயலிழந்து போவது உண்டு. நிறுத்திய பெனிசிலமைனை மறுபடி முழு அளவில் தொடங்குவதும் ஆபத்து. ஒவ்வாமை பலமாக வரும்.

முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், தடிப்பு, கழுத்துக் கட்டி வந்தால் அதுவும் மருந்தின் வேலையாக இருக்கலாம். ரத்த அணு எண்ணிக்கையும் சிறுநீரில் புரதமும் தொடர்ந்து பார்க்க வேண்டும். பி6 மாத்திரை 25 முதல் 50 மி.கி. தினமும் கூடவே போக வேண்டும், பெனிசிலமைன் அந்த விட்டமினைக் கெடுக்கும்.

நேரம்: வெறும் வயிறு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன், அல்லது இரண்டு மணி நேரம் பின். நம் வீடுகளில் 4 மணிக்கு இடைப்பலகாரம் வந்துவிடும், அதுதான் கணக்கைக் கெடுக்கிறது. காலை 6 மணிக்கு ஒன்று, 7 மணிக்குக் காப்பி பலகாரம். மாலை 4 மணிப் பலகாரம் சாப்பிட்டால் 6 மணிக்கு ஒன்று, ராச்சாப்பாடு 8 மணிக்கு. இரும்பு மாத்திரை, வயிற்றெரிச்சல் சிரப் எதுவும் அதோடு சேர்த்து வேண்டாம். துத்தநாகமும் பெனிசிலமைனும் இரண்டும் எழுதியிருந்தால் இடையில் நாலைந்து மணி நேரம் விட வேண்டும். சேர்ந்து விழுங்கினால் ஒன்றை ஒன்று கட்டிவிடும், இரண்டும் வீண்.

துத்தநாகம் வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். வேண்டியது 50 மி.கி. தனித் துத்தநாகம், ஒரு நாளைக்கு மூன்று முறை. சிங்க் சல்பேட் 220 மி.கி.க்குள் இருப்பது சுமார் 50தான். அட்டையில் "50" என்று போட்டிருப்பது உப்பின் எடையா தனித் துத்தநாகமா என்று பார்க்காமல் வாங்கினால், உள்ளே போகவேண்டியதில் கால் பங்குதான் போகும். சல்பேட்டுக்கு வயிறு புரட்டினால் அசிடேட் கேளுங்கள்.

சோதனைக்குழாய் எழுதியது:

சோதனைகளை நான் எழுதுகிறேன்.

24 மணி நேரச் சிறுநீரில் செம்பு. காலை எழுந்ததும் முதல் சிறுநீரைக் கழித்துவிட வேண்டும், சேர்க்கக்கூடாது. அந்த நேரத்தைக் கேனில் எழுதுங்கள். அதன் பிறகு போவது எல்லாம், ராத்திரி போவது உட்பட, கேனுக்குள். மறுநாள் அதே நேரத்தில் போகும் முதல் சிறுநீரையும் சேர்த்து முடிக்க வேண்டும். கேன் லேபிலேயே தரும் பிளாஸ்டிக். அமிலத்தால் கழுவி வைத்திருப்பார்கள், வீட்டில் மறுபடி அலசாதீர்கள். பிடித்து ஊற்றவும் பிளாஸ்டிக் குவளைதான். பித்தளைச் சொம்பில் பிடித்துக் கேனில் ஊற்றினால் சொம்பின் செம்பும் சேர்ந்து எண் எகிறிவிடும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் குளியலறையில் கைக்கு முதலில் வருவது அந்தச் சொம்புதான், அதனால் முந்தின நாளே அதை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். கேனை நிழலில் குளிர்ச்சியாக வைக்கவும். லேபில் மொத்த அளவை எழுதினார்களா என்று பாருங்கள், கிரியேட்டினினும் (தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் தசைக் கழிவு) அதே கேனில் பார்க்கச் சொல்லுங்கள். இளவயது ஆணுக்குக் கிரியேட்டினின் எடை ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 மி.கி., பெண்ணுக்கு 15 முதல் 20 மி.கி. வரவேண்டும். அதைவிட ரொம்பக் குறைந்தால் சேகரிப்பில் ஓட்டை. மறதி உள்ளவர் தானே சேகரித்தால் இரண்டு மூன்று முறை விட்டுப்போவது சகஜம். ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

எண்ணின் பொருள் மருந்தைப் பொறுத்தது. மருந்தில்லாமல் 100 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் நோய்க்கு வலுவான சான்று, 40க்கு மேல் சந்தேகம். பெனிசிலமைனில் நிலைபெற்றவருக்கு 200 முதல் 500 சரி. துத்தநாகம் மட்டும் எடுப்பவருக்கு 75க்குள் இருக்க வேண்டும். ஆக, பெனிசிலமைன்காரருக்கு 350 வந்ததைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், துத்தநாகக்காரருக்கு 350 வந்ததைப் பார்த்து நிம்மதியாக இருக்கவும் வேண்டாம். துத்தநாகம் ஒழுங்காகப் போகிறதா என்று அதே கேனில் துத்தநாகம் பார்த்தால் தெரியும்: 24 மணி நேரத்தில் 2 மி.கி.க்குக் கீழே என்றால் மாத்திரை வயிற்றுக்குப் போகவில்லை.

ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் சாதாரணமாக டெசிலிட்டருக்கு 20 முதல் 40 மி.கி.; 10க்குக் கீழே என்றால் பலமான குறி. காய்ச்சல், கர்ப்பம், கருத்தடை மாத்திரையில் அது உயரும், அதனால் இயல்பு என்று வந்தாலும் நோய் இல்லை என்று மூடிவிடக்கூடாது. அந்தப் புரதத்தோடு ஒட்டாத கட்டற்ற செம்பைக் கணக்கிட: ரத்தத்தின் மொத்தச் செம்பிலிருந்து (டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம்) செருலோபிளாஸ்மினின் மூன்று மடங்கைக் கழிக்கவும். மொத்தம் 60, செருலோபிளாஸ்மின் 12 என்றால் 60ல் 36 போக 24. சாதாரணமாக 5 முதல் 15. ஐந்துக்குக் கீழே தொடர்ந்து வந்தால் மருந்து கூடிப்போய்ச் செம்புக் குறைவு வருகிறது என்று சந்தேகப்படுங்கள். ரத்தசோகை, வெள்ளணு குறைவு, கால் மரத்தல், தள்ளாட்டம் எல்லாம் அதிலும் வரும், "நோய் முற்றிவிட்டது" என்று தப்பாக மருந்தைக் கூட்டிவிடுவார்கள். சில லேப் முறைகளில் இந்தக் கழித்தல் மைனஸில் வரும். அப்போது அதை நம்பாமல் சிறுநீர் எண்ணைப் பாருங்கள்.

கண்ணில் செம்பு படிந்து வரும் கெய்சர் ஃபிளீஷர் வளையம் வெறும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், நம்மவர்களின் கருவிழி கரும்பழுப்பு. ஸ்லிட் லேம்ப் என்ற கண் கருவியில் பார்ப்பது கட்டாயம். நரம்புத் தாக்குதல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும். ஈரல் மட்டும் கெட்டவர்களில் பாதிப்பேருக்குத்தான்.

கொட்டான் எழுதியது:

பாத்திரம், சாப்பாடு. சீர் சாமானில் வந்த பித்தளை, செம்பு எல்லாவற்றையும் பரணுக்கு ஏற்ற வேண்டியதில்லை. புளிப்பும் நேரமும் சேர்ந்தால்தான் செம்பு இறங்கும். ஈயம் தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு, ரசம், மோர், ஊறுகாய் வைத்தால் பாத்திரம் பளபளவென்று மின்னும், அந்தப் பளபளப்பு போனது சாப்பாட்டுக்குள். இவர்களுக்கு எவர்சில்வர், இனாமல், மண்சட்டி. வெண்கலத்திலும் பெரும்பங்கு செம்புதான், அதனால் அதில் புளிப்பு சமைக்க வேண்டாம். செம்புக் குடத்தில் ராத்திரி முழுக்க ஊற்றி வைத்த தண்ணீர் இவர்களுக்கு அறவே கூடாது.

சாப்பாட்டில் முதல் வருடம் கறாராகத் தவிர்க்க வேண்டியது ஆட்டு ஈரல், நண்டு, இறால், முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், காளான், சாக்லேட். வறுவல் குழம்பில் முந்திரி அரைத்து ஊற்றுவது, பாயசத்தில் அள்ளிப் போடுவது இரண்டையும் நிறுத்தி, அந்த இடத்தில் தேங்காயும் பொட்டுக்கடலையும் அளவாகச் சேர்த்தால் போதும். கோழி, முட்டை, பால், சோறு, இட்லி எல்லாம் தாராளம். பருப்பை விலக்க வேண்டாம், சைவ வீட்டில் புரதம் போனால் உடம்பு வற்றி மந்தம் இன்னும் கூடும். நோய் அடங்கிய பிறகு நண்டு ஒரு நாள் வந்தால் ஒன்றும் ஆகாது. பத்தியம் மட்டும் இருந்து மருந்தை விட்டால்தான் ஆபத்து.

வளவு எழுதியது:

கொட்டான் ஆச்சி, செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லது, எல்லாருக்கும் ஆகும் என்று பெரியவர்கள் விடாப்பிடியாக இருக்கிறார்களே?

கொட்டான் எழுதியது:

வேண்டாத செம்பை வெளியே தள்ளத் தெரிந்த கல்லீரலுக்கு அது தொந்தரவு இல்லை. இவருக்கு அந்த வழியே அடைபட்டிருக்கிறது. பெரியவர்களிடம் வாதாடாமல், இவருக்கென்று தனி எவர்சில்வர் கூஜா வைத்துவிடுங்கள்.

ஆத்தங்குடிக்கல் எழுதியது:

கல்யாணப் பேச்சு வரும் முன் ஒரு கணக்கு. இது இரண்டு பக்கமும் கெட்ட மரபணு வந்தால்தான் வரும் நோய். அதனால் நோயாளியின் கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. அறிகுறி இருக்கிறதோ இல்லையோ எல்லாரையும் பார்க்க வேண்டும். குழந்தை என்றால் ஒரு வயது தாண்டிய பிறகு, அதற்கு முன் செருலோபிளாஸ்மின் இயல்பாகவே குறைவு.

நம் நகரத்தாரின் ஒன்பது கோயில் முறை (ஒரே கோயில் பிரிவினர் பங்காளிகள் என்ற முறை) பங்காளிகளுக்குள் கல்யாணத்தைத் தடுக்கும். அத்தை மகன், மாமன் மகள் உறவை அது தடுக்காது. நோயாளி அந்நியத்தில் கல்யாணம் செய்தால் பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு சுமார் 180ல் ஒன்று. அத்தை மகளையோ மாமன் மகளையோ செய்தால் எட்டில் ஒன்று. நோயாளி, நோயில்லாத தன் அக்காளின் மகளைச் செய்தால் ஆறில் ஒன்று. நோயாளியின் இரண்டு மரபணுப் பிழைகளும் தெரிந்திருந்தால் மாப்பிள்ளை, பெண் யாரை வேண்டுமானாலும் சோதித்துச் சொல்லிவிடலாம். மறைத்துக் கல்யாணம் செய்துவைப்பதால் நடப்பது, புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட்டுப் பிறகு விட்டுவிடுவது. கர்ப்பத்திலும் மருந்தை நிறுத்தக்கூடாது, அளவை டாக்டர் குறைப்பார்.

சோதனைக்குழாய் எழுதியது:

செம்பு எண்கள் எல்லாம் இயல்பாக வந்து இளவயதில் புத்தி மங்கிக்கொண்டே போனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். சிறுவயதில் ஓயாத வயிற்றுப்போக்கு, இருபதுக்குள் கண்புரை, குதிகால் நரம்பில் கட்டி இருந்தால் ரத்தத்தில் கொலஸ்டனால் பார்க்கச் சொல்லுங்கள். சீனோடியாக்சிகோலிக் அமிலம் 250 மி.கி. மூன்று வேளை என்று மருந்தே இருக்கிற நோய் அது, பெயர் செரிப்ரோடெண்டினஸ் சாந்தோமாடோசிஸ். கண் மேலும் கீழும் திரும்பச் சிரமம், மண்ணீரல் வீக்கம், மனப்பிறழ்வு என்றால் நீமன் பிக் சி என்ற பரம்பரை நோயா என்று பார்க்க வேண்டும். பி12, ஹோமோசிஸ்டீன் இரண்டும் எல்லாருக்கும் பார்க்கலாம்.

முகப்பு எழுதியது:

கடைசியாகக் கையாளும் முறை பற்றி. "மாத்திரை போட்டியா?" என்று கேட்காதீர்கள். போட்டேன் என்றுதான் பதில் வரும், அவர் பொய் சொல்லவில்லை, நேற்றுப் போட்டதும் இன்று போட்டதும் கலந்துவிடுகிறது. கையில் கொடுத்து, விழுங்குவதைப் பார்த்து, காலி அட்டையை ஒரு டப்பாவில் போட்டு மாதக் கடைசியில் எண்ணுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை. "கடைக்குப் போய் எண்ணெய் வாங்கிட்டு, அப்படியே மின்கட்டணம் கட்டிட்டு, வரும்போது தம்பியைக் கூட்டிட்டு வா" என்று மூன்றைச் சேர்த்துச் சொல்லாமல், முதலாவதை முடித்த பின் அடுத்ததை எழுதிக் கையில் கொடுங்கள். பணத்தில் திடீர் தாராளமும் திடீர் கடனும் இந்த நோயின் நெற்றிப்பகுதிக் குறிகள். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுவதை ஆள் தெளிவாக இருக்கும்போதே அவரோடு பேசி முடியுங்கள். பிறகு என்றால் கையெழுத்தின் செல்லுபடியே கேள்வியாகும்.

மனச்சோர்வு இதில் அதிகம். சாக வேண்டும் என்று சொன்னால் சும்மா சொல்கிறார் என்று விடாமல் அன்றே ஆஸ்பத்திரி. ராத்திரி என்றால் 104 அல்லது 14416 உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

முன்னேற்றம் தெரிய மருந்து ஒழுங்காகப் போய் ஆறு மாதமாவது ஆகும், இரண்டு மூன்று வருடம் வரை மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். கேள்வி இருப்பவர்கள் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, கடைசிச் சிறுநீர்ச் செம்பு எண், மோகா மதிப்பெண் ஐந்தையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள். அவை இல்லாமல் யாரும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.